வண்டிக்கும் வேண்டும் மதுவிலக்கு!

குடிப்பழக்கமே இல்லாத தொழிலாளிக்கும் இன்று குடிகார வண்டி! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, தோழர்களே. பங்கில் நாம் காசு கொடுத்து வாங்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். சர்க்கரை ஆலைப் பாகிலிருந்தும், அரிசியிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும் வடிக்கப்படும் ஆல்கஹால்தான் அது. 2013-14இல் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காக இருந்தது, 2022இல் பத்தாகி, 2025இல் இருபதாகிவிட்டது. 2030இல் எட்டவேண்டிய இலக்கை ஐந்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டோமென்று டில்லி மார்தட்டுகிறது.

கரும்பு விவசாயிக்கு நாலு காசு சேர்வதையோ, அந்நிய எண்ணெய்க்குக் கொட்டும் பணம் மிச்சமாவதையோ நாம் எதிர்க்கவில்லை. 1948இலேயே பவர் ஆல்கஹால் சட்டம் போட்ட நாடு இது, யோசனை புதிதல்ல. நாம் கேட்பது வேறு. கலப்பில்லாத பெட்ரோல்தான் வேண்டும் என்பவனுக்கு அது ஏன் கிடைக்கக்கூடாது? கலந்ததைத்தான் போட்டாக வேண்டுமென்றால், விலையை ஏன் குறைக்கக்கூடாது?

ஏதோ எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பிவிட்ட கேள்வி என்று யாரும் தள்ளிவிட முடியாது. டில்லி சர்க்காரின் நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இருபது சதவிகிதம் கலக்கலாம் என்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அறிக்கை, எரிசக்தி குறைவதால் கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காகப் பத்து சதவிகிதப் பெட்ரோலும் கிடைக்கவேண்டும் என்கிறது. வைத்தியர் மூன்று மருந்து எழுதித் தந்த சீட்டில், கசப்பை மட்டும் வாங்கிவந்து நம் வாயில் ஊற்றியிருக்கிறார்கள்!

கசப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். பத்துக்குள் பழகிய இருசக்கர வண்டி நூற்றுக்கு மூன்று, நான்கு சதவிகிதம் மைலேஜ் இழக்கும். கார் ஆறேழு இழக்கும் என்பது அந்த அறிக்கையின் மதிப்பீடு. மில்லுக்குப் போய்வர நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டும் தோழர், வருஷம் 300 நாள் ஓட்டினால், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுத்த வண்டிக்கு 240 லிட்டர் பிடிக்கும். இனி ஏழிலிருந்து பத்து லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய் அளவுக்கு யாரும் அறிவிக்காத வரி!

எத்தனால் கொள்முதலே லிட்டர் 71 ரூபாய் 32 காசு ஆகிறது, எப்படிக் குறைப்பது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கொள்முதல் விலை ஏறிவிட்டதென்று மளிகைக்கடைக்காரர் படிக்கல்லைத் தேய்த்துவைத்தால் சும்மா விடுவார்களா? எண்ணெய்க் கம்பெனிகள் கலப்பதற்கு வாங்கும் எத்தனாலின் ஜி.எஸ்.டி.யை 2018 ஜூலையில் 18இலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கத் தெரிந்த சர்க்கார்தானே இது!

மைலேஜோடு போயிற்றா? ஆல்கஹாலுக்குத் தண்ணீர் மீது தீராத மோகம். காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். நீர் அதிகம் சேர்ந்தால் இரண்டும் ஜோடி சேர்ந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் துருவேறும், பழைய ரப்பர் டியூப் உப்பி இளகும். புதிய கார்களில் மூடிய டாங்க் உண்டு, அளவைச் சரிசெய்யும் கருவி உண்டு. மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும், புல்வெட்டும் மிஷினுக்கும், பழைய மொபெட்டுக்கும் என்ன உண்டு? பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்றவேண்டி வரலாம், செலவு அதிகமில்லை என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டது. செலவு யாருக்கு அதிகமில்லை?

அமெரிக்காவில் பதினைந்து சதவிகிதக் கலப்பையே மோட்டார் சைக்கிளிலும், படகிலும், புல்வெட்டும் மிஷினிலும், 2001க்கு முந்தைய மாடல் கார்களிலும் ஊற்றக்கூடாதென்று விதி. பிரிட்டன் 2021இல் பத்துக்குப் போனபோது, பழைய வண்டிகளுக்கென்று ஐந்து சதவிகிதப் பெட்ரோலை விட்டுவைத்தது. இங்கே? கலப்பற்ற பெட்ரோலையும் விற்கச் சொல்லித் தொடுத்த பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1இல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது; டில்லி சர்க்கார் எதிர்த்தே வாதாடியது.

எத்தனால் கலவாத பெட்ரோல் இந்த நாட்டிலேயே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 100 ஆக்டேன் என்ற பெயரில், பெருநகரங்களின் சில பங்குகளில் விற்றார்கள். 2025இல் டில்லியில் லிட்டர் 160 ரூபாய் அளவில்! பணக்காரன் காருக்கு மதுவிலக்கு, பாட்டாளியின் மொபெட்டுக்குச் சாராயம்.

ஒவ்வொரு பங்கிலும் பழைய வண்டிக்கென்று ஒரு தனிக் குழாய். அல்லது குறைந்த சக்திக்குக் குறைந்த விலை. இரண்டில் ஒன்றைத் தரும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம். அதுவரை, ஸ்பிரேயர் வைத்திருக்கும் விவசாயத் தோழர்கள் வேலை முடிந்ததும் டாங்கை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீர்ந்து மிஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு மூலையில் வையுங்கள்.