மிச்சத் துணியில் ஒரு தஞ்சாக்

குளுவாங்கில் தையல் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மலாய்க் கல்யாண உடுப்பு தைத்தபின் மிஞ்சிய, சரிகை நெய்த சொங்கெட் துண்டுகள் இரண்டு மூட்டை சேர்ந்துவிட்டனவாம். வீசவும் மனமில்லை, தலையணை உறை தைத்தால் சரிகை குத்துகிறது. என்ன செய்யலாம்?

தஞ்சாக் செய்யலாம், அம்மா.

துணியை மடித்துக் கட்டும் மலாய்த் தலைப்பாகைதான் தஞ்சாக்; உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரிங்கிட் நோட்டில் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் தலையில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான்; அதைத் தெங்கோலோக் என்பார்கள். கட்டும் பாணிகளுக்குத்தான் எத்தனை அழகான பெயர்கள்! நெகிரி செம்பிலானில் 'தீராத வஞ்சம்', பேராக்கில் 'சிறகொடிந்த கோழி'. நெற்றியைச் சுற்றும் பட்டை பெங்கோங், முடிச்சு சிம்புல், கூர்ந்து நிற்கும் கொம்பு காராங்கான்.

என்னை ஆண்டுக்கணக்காகப் பிடித்து வைத்திருப்பது இதன் அடிப்படை மடிப்பு. ஒரு சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் நீண்ட ஓரம் பாவு வழியாகவும் ஓடாது, ஊடை வழியாகவும் ஓடாது. இரண்டுக்கும் குறுக்கே ஓடும். ரவிக்கைக்கு ஏன் 'கிராஸ் கட்டிங்' கேட்கிறோம்? குறுக்கே வெட்டிய துணி இழுபட்டு உடம்போடு ஒட்டும். அதே குணத்தால்தான் தஞ்சாக்கின் பட்டை எந்த மண்டைக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. கத்தரிக்கோல் படாமலே தையல்காரரின் நுட்பம் அதற்குள் இருக்கிறது. கொம்பும் அப்படித்தான். படுத்துக் கிடக்கும் காகிதத்தை நடுவில் மடித்தால் எழுந்து நிற்குமே, அதுபோல் மடிப்பே அதற்கு எலும்பு. என் பாட்டி தோட்டத்தில் விறகு சுமக்கச் சும்மாடு சுருட்டுவார். முறுக்கிச் செருகினால் பழந்துணி மரக்கட்டைபோல் இறுகிவிடும். தஞ்சாக் கட்டுவதை முதன்முதலாகப் பார்த்தபோது பாட்டியின் கைதான் நினைவுக்கு வந்தது.

முழுச் சதுரம் உங்களிடம் இருக்காது. துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சதுரமாக்குங்கள். தையல் எல்லாம் மடிப்புக் கோட்டின் மேலேயே விழட்டும். வெளியே தெரியாது, அந்தத் தடிப்பு கொம்புக்கு நரம்பாகவும் உதவும். இருப்பதில் நல்ல துண்டு நெற்றிப் பட்டைக்கு. உள்ளே மறையும் பகுதிக்குச் சாதாரணப் பருத்தி போதும். சொங்கெட்டின் வெட்டிய ஓரம் நிமிடத்தில் பிரியும், முதலில் ஓரம் அடித்துவிடுங்கள். இஸ்திரி போடும்போது மேலே ஒரு துணி விரியுங்கள், சூடு நேரே பட்டால் சரிகை கெட்டுவிடும். விறைப்புக்கு வைக்கும் பக்ரம் துணி கொம்புக்கு மட்டும். நெற்றியில் வைத்தால் அரைமணியில் தலைவலி வரும். பருத்தி உள்துணிக்குக் கஞ்சி போட்டாலே போதும் என்பது என் கட்சி. ஜொகூர் பாருவில் நம் சலவைக்காரர்களால் பெயர் பெற்ற ஜாலான் டோபியே இருக்கும்போது கஞ்சியின் அருமையை நான் சொல்ல வேண்டுமா? ஆனால் கஞ்சித் துணியைப் பூச்சி தேடி வரும், வெயில் காட்டி எடுத்து வையுங்கள்.

கடையில் விற்கும் சில தஞ்சாக்குகளைப் பார்த்தால் மனம் கனக்கிறது. அட்டையை வெட்டி, அச்சடித்த பளபளப்புத் துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள்; மழையில் ஒருமுறை நனைந்தால் தீர்ந்தது. சொங்கெட் நெசவை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், பெருமைப்பட்டோம். ஆனால் ஒரு முழம் நெய்ய ஒருவர் எத்தனை நாள் தறியில் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணுகிறவர்கள் மிச்சத்துண்டைக் குப்பையில் போடமாட்டார்கள். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டத் தெரிந்த தாய்மாமன் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதையும் ஒட்டிய தொப்பியாகத்தான் வாங்குகிறோம்.

சொங்கெட்டைத் தொடுமுன் பழைய கைலி ஒன்றைச் சதுரமாக வெட்டி, ஒரு பானையைக் கவிழ்த்து அதன்மேல் கட்டிப் பழகுங்கள். முதல் நாலைந்து முறை கொம்பு சாயும். சாயும் பக்கத்து மடிப்பைப் பிரித்து, விரல்கடை அளவு உள்ளே தள்ளி மறுபடி கட்டுங்கள்.