சுண்டெலியும் தமனி நோயும்

காஞ்சிபுரத்தின் பகுதிகளுள் ஒன்றாகிய பிள்ளையார்பாளையம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள தறிகள் பலவற்றின் மேல் ஜக்கார்டு பெட்டி அமைந்திருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வரும். துளையுள்ள இடத்திற்குரிய பாவிழை மேலெழும். துளையில்லாத இடத்திற்குரியது எழாது. இவ்வாறே சேலையில் மயிலும் அன்னமும் உருப்பெறுகின்றன. ஓர் அட்டையில் ஒரு துளை அடைபட்டுவிடின், மயிலின் கழுத்திலோ காலிலோ ஒரு குறை தோன்றும். அவ்வட்டை மீண்டும் வரும்போதெல்லாம் அக்குறையும் வரும். அத்துளை எவ்விழையை ஆள்கிறது என்பதை அக்குறையே காட்டிவிடும்.

உயிர்களின் உடலிலுள்ள மரபணுக்கள் இத்துளைகளைப் போன்றவை. ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய குறிப்பு ஒரு மரபணுவில் அமைந்துள்ளது. அம்மரபணு பழுதுற்றால் அப்புரதம் தோன்றாது. அதன் பணியும் நடைபெறாது. ஆதலின், ஒரு மரபணுவை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து, விளைவதை நோக்கினால் அதன் பணி விளங்கும். சுண்டெலியில் இதனைச் செய்ய வழிகண்ட மாரியோ கப்பெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் சுமித்தீஸ் ஆகிய மூவரும் 2007 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இம்முறையால் நன்கு விளக்கம் பெற்ற நோய்களுள் ஒன்று தமனி நோயாகும்.

கொலஸ்டிரால் உடலுக்குப் பகையன்று. உயிரணுக்களின் மேலுறைக்கும், பித்தநீர் உண்டாவதற்கும் அது இன்றியமையாதது. ஆயினும், அது நீரில் கரையாது. எனவே, கொழுப்புப் புரதம் என்னும் நுண்ணிய துகள்கள் அதனைக் குருதியில் சுமந்து செல்கின்றன. குறை அடர்த்தித் துகள்கள் அதனை உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும். மிகை அடர்த்தித் துகள்கள் மிஞ்சியதைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொணரும். இப்போக்குவரவு தடைப்பட்டால், குருதியில் தேங்கிய துகள்கள் தமனியின் சுவருக்குள் புகும். வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி, நுரைபோல் பொங்கி அங்கேயே தங்கும். சுவர் தடிக்கும்; வழி குறுகும். அத்தடிப்பு வெடித்துக் குருதி உறையின் மாரடைப்பு நேரும்.

இயல்பான சுண்டெலிக்கு இந்நோய் எளிதில் வருவதில்லை. அதன் கொலஸ்டிராலில் பெரும்பகுதி மிகை அடர்த்தித் துகள்களிலேயே செல்வது இதற்கொரு காரணம். 1992 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நொபுயோ மயேதா குழுவினரும், ஜான் பிரெஸ்லோ குழுவினரும், 'அபோ ஈ' என்னும் புரதத்திற்குரிய மரபணு இல்லாத சுண்டெலிகளைத் தனித்தனியே உருவாக்கினர். அப்புரதம் துகளின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டுப் போன்றது. அதனைக் கொண்டே கல்லீரல் துகளை அறிந்து ஏற்கிறது. சீட்டு இல்லாமையால் துகள்கள் குருதியிலேயே தேங்கின. இயல்பான உணவை உண்டபோதே கொலஸ்டிரால் ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று. மூன்று மாத வயதிலேயே தமனிகளில் நுரையணுக்கள் படிந்தன.

சீட்டு இருந்தும் அதைப் பெறும் கை இல்லையெனில் என்னாகும்? அக்கையே கல்லீரலின் மேலுள்ள ஏற்பி. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டைன் என்னும் அறிஞர் இருவர் குறை அடர்த்தித் துகளின் ஏற்பியைக் கண்டறிந்து 1985 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஏற்பி மரபணுவைப் பெறும் குழந்தைகளுக்கு இளமையிலேயே மாரடைப்பு வருவதன் காரணம் இதனால் தெளிவாயிற்று. 1993 ஆம் ஆண்டு அவர்கள் குழுவினர் அவ்வேற்பி இல்லாத சுண்டெலியையும் உருவாக்கினர். இயல்பான உணவில் அதன் கொலஸ்டிரால் இருமடங்கானது. கொலஸ்டிரால் மிகுந்த உணவு தந்தபோதோ பன்மடங்கு பெருகியது. மரபும் உணவும் கைகோத்து நோயை வளர்ப்பதற்கு இது சான்றாகும்.

மற்றொரு செய்தி வியப்பூட்டுவது. மிகை அடர்த்தித் துகள் கொணரும் சுமையைக் கல்லீரலில் இறக்குவதற்கும் ஓர் ஏற்பி உண்டு. அதனை இழந்த சுண்டெலியின் குருதியில் 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படுவது பெருகியது. எனினும் தமனி நோய் குறையவில்லை, கூடியது. அவ்வேற்பியும் 'அபோ ஈ' புரதமும் ஒருங்கே இல்லாத சுண்டெலிகள் சில வாரங்களிலேயே இதய நோயால் மாண்டன. அவ்வேற்பியில் பழுதுள்ள மனிதர் சிலர்க்கும், நல்ல கொலஸ்டிரால் மிகுந்திருந்தும் இதய நோய் மிகுதியாக வருவது 2016 ஆம் ஆண்டு வெளியான ஆய்வால் புலனாயிற்று. வண்டிகள் நிறைந்திருந்து பயனில்லை. சுமை இறங்குதல் வேண்டும்.

சுண்டெலி மனிதன் அன்று. மனிதனின் கொலஸ்டிராலில் பெரும்பகுதி குறை அடர்த்தித் துகள்களில் செல்வது. ஆதலின் சுண்டெலியில் கண்டதை மனிதரிடத்தும் ஆய்ந்து தேர்ந்த பின்னரே மருத்துவர் ஏற்பர். எனினும், கொலஸ்டிரால் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எவ்வாறு கொண்டு செல்லப்படுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும் என்னும் உண்மையை இச்சிற்றுயிரே உலகிற்கு உணர்த்திற்று. பெற்ற மரபை மாற்றுதல் ஒருவர்க்கும் எளிதன்று; அளவறிந்து உண்பதும், உடலுழைப்பை மேற்கொள்வதும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு நேர்ந்திருப்பின் காலத்தே குருதியைச் சோதித்தறிவதும் எல்லார்க்கும் இயல்வனவாம்.