இரங்கூன் பிணவறையில் கண்ட நோய்

1911-ஆம் ஆண்டில், பர்மா தேசம் இந்திய அரசாங்கத்தின் ஒரு மாகாணமாக இருந்த காலத்தில், குடிகளில் பாதிக்கு மேல் இந்தியர்களே நிறைந்திருந்த இரங்கூன் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையிலே, ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கில வைத்தியரும் அவருக்குத் துணையாயிருந்த சி. எஸ். கிருஷ்ணசாமியும், ஆதரவற்று இறந்த ஏழைகளின் சவங்களை அறுத்துப் பரிசோதித்து வருகையில், அதுவரை எந்த வைத்திய நூலிலும் விவரிக்கப்படாத ஒரு காட்சியைக் கண்டார்கள். காற்றை வாங்கி விரிய வேண்டிய நுரையீரல் கெட்டிப்பட்டு, அதன் நடுவே திரைந்த பாலைப்போன்ற சீழ் திட்டுத் திட்டாய் நின்றது. கல்லீரலிலும் மண்ணீரலிலும்கூடச் சீழ்க்கட்டிகள் இருந்தன. குதிரைகளை வாட்டும் கிளாண்டர்ஸ் நோயை இது ஒத்திருந்ததாயினும், இறந்தவர்களோ குதிரைகளோடு பழகாதவர்கள். சீழிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை நுண்ணோக்கியில் நோக்கியபோது, கிளாண்டர்ஸ் கிருமி அசைவற்றுக் கிடக்கும் இயல்புடையதாயிருக்க, இது நீந்தித் திரிந்தது. வேறொரு கிருமி, வேறொரு நோய் என்று நிச்சயித்து, 1912-இல் அதனை உலகிற்கு அறிவித்தார்கள்.

மாண்டவர்களில் பலர் மார்பியா ஊசி குத்திக்கொள்ளும் வழக்கமுடையவர்களாயிருந்தமையால், ஊசியின்மீதே முதலில் சந்தேகம் சென்றது. கோலாலம்பூரில் ஆராய்ந்த ஸ்டாண்டன், பிளெட்சர் என்ற இருவர் 1921-இல் இதற்கு ‘மெலியாய்டோசிஸ்’ என்று நாமகரணம் செய்தனர். கிருமியின் உறைவிடம் மண்ணும் தேங்கிய நீருமே என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

நெல் விளையும் உஷ்ண தேசத்து ஈர மண்ணிலே, மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே, கோடையில் அடங்கியிருந்து மழைக்காலத்தில் மேலே வரும் இக்கிருமி, சேற்றில் நிற்கும் காலின் சிறு கீறல் வழியாகவோ, சுத்தி செய்யாத குடிநீரின் வழியாகவோ, பெருங்காற்றோடு மழை பெய்யும் வேளையில் சுவாசத்தின் வழியாகவோ உடம்பினுட் புகுகின்றது. தாய்லாந்தின் வடகிழக்கிலும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலும் இதனைப் பல்லாண்டுகள் கூர்ந்து கவனித்த வைத்தியர்கள் கூறுவது யாதெனில், நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது நுரையீரல் ஜ்வரமாகவே வெளிப்படுகிறது என்பதும், நீரிழிவு உடையவர்களையே இது பெரிதும் நாடுகிறது என்பதுமாம். பெரும்பாலோருக்குச் சில தினங்களிலோ சில வாரங்களிலோ ஜ்வரம் காணும். சிலருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் உள்ளே அடங்கிக் கிடக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் கைதியாயிருந்த அமெரிக்கர் ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதாக வைத்திய ஏடுகளில் பதிவு உண்டு.

ஆயினும் என் மனத்தை மிகவும் வருத்துவது கிருமியின் கொடுமையைக் காட்டிலும், அதற்கு நாம் சூட்டிவிடும் வேறு பெயரேயாகும். மாதக்கணக்கான இருமல், மாலை ஜ்வரம், உடல் மெலிவு, எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு குழி — இவற்றை ஒருங்கே கண்ட எந்த வைத்தியருக்கும் நம் நாட்டில் முதலில் தோன்றுவது காசநோயே. அவ்வாறு தோன்றுவது குற்றமுமாகாது. ஆனால் சளியை மீண்டும் மீண்டும் பரிசோதித்தும் காசக் கிருமி அகப்படாதபோது, ‘இருக்கத்தான் வேண்டும்’ என்ற அனுமானத்தின்பேரில் ஆறு மாத மாத்திரைகளைத் தொடங்கிவிட்டு, அவற்றால் இம்மியும் குணம் காணாத நோயாளி நாளுக்கு நாள் நலிந்து போவதைப் பார்த்திருப்பது பெருந்துயரம் அல்லவா? பரிசோதனைச் சாலையிலோ வேறொரு விபத்து நேர்கிறது. ரத்தத்திலும் சீழிலும் இக்கிருமி எளிதாகவே வளரும். ஆனால் சூடோமோனாஸ் என்ற பொதுப் பெயரின்கீழ் அடக்கப்பட்டு, ஏதோ வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று பல வேளைகளில் தள்ளப்பட்டுவிடுகிறது. ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல், அமாக்சிசிலின்–கிளாவுலனேட் கலவைக்கு அடங்குகிற கிருமி வளர்ப்புத் தட்டிலே தென்பட்டால் இதுவோ என்று ஐயுற வேண்டும்; இம்மூன்று மருந்து வில்லைகளும் நம் ஊர்ப் பரிசோதனைச் சாலைகளுக்கு எட்டாத பொருள்கள் அல்ல.

2016-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு, உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,65,000 பேருக்கு இந்நோய் காண்கிறதென்றும், அவர்களில் சுமார் 89,000 பேர் இறக்கின்றனரென்றும், சுமையில் மிகப் பெரிய பங்கு தெற்காசியாவைச் சேர்ந்ததென்றும் மதிப்பிடுகின்றது. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் தேடினார்கள், கண்டார்கள், பல நோயாளிகளைப் பற்றி எழுதியும் வைத்தார்கள். தேடாத இடத்தில் மட்டும் இதற்கு ‘அபூர்வ நோய்’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

சிகிச்சை உண்டு. பென்சிலினும் ஜென்டமைசினும் பயன்படா. செஃப்டசிடிம் என்ற மருந்து, முன்னிருந்த சிகிச்சையோடு ஒப்பிடுகையில் மரணத்தைப் பாதியாகக் குறைத்ததைத் தாய்லாந்தில் நடந்த ஆராய்ச்சி 1989-இலேயே காட்டிற்று. அம்மருந்தையோ மெரோபெனத்தையோ குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் ரத்தக்குழாயில் செலுத்தி, அதன் பின்னர் கோட்ரைமாக்சசோல் மாத்திரைகளை மூன்று மாதங்கள் விடாமல் தர வேண்டும். மூன்றாவது வாரத்திலேயே உடம்பு தேறி, பசி திரும்பி, வயல் வேலைக்குப் போய்விட்ட ஒருவர் மாத்திரையைக் கைவிடுவாராயின், நோய் மறுபடி தலைகாட்டும்.

டார்வின் நகரத்தில் மழைக்காலந்தோறும், நீரிழிவுக்காரர்கள் சேற்றில் இறங்கும்போது பாதரட்சையும் கையுறையும் அணியுமாறும், கடும்புயல் வேளையில் வீட்டினுள் இருக்குமாறும் சுகாதார அதிகாரிகள் அறிவிக்கிறார்கள். முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நடும் நம் பெண்களுக்குக் கனத்த பூட்ஸ் அணிந்துகொண்டு வேலை செய்வது எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆகையால், காலிலே புண் உள்ள நாட்களில் அதனை நீர் புகாமல் மூடிக்கொள்ளும்படியும், கரையேறியவுடன் நல்ல நீரில் கழுவிக்கொள்ளும்படியும் அவர்களிடம் சொல்லுவோம். பின்னர் ஜ்வரம் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், வைத்தியர் கேளாவிட்டாலும், “எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு ஐயா, போன வாரம் நடவுக்குப் போயிருந்தேன்” என்ற இரண்டையும் தாமாகவே சொல்லும்படியும் சொல்லி வைப்போம்.