உயிர்வேலிக்குத் திருகுகள்ளி

தக்காணத்தின் வறண்ட மேட்டு நிலங்களிலும் குஜராத்தின் வயல் வரப்புகளிலும் உயிர்வேலியாக வளர்க்கப்பெறும் செடிகளுள் திருகுகள்ளியும் ஒன்று. மராத்தியில் இதனை ஷேர் என்றும், வங்காளத்தில் லங்கா சிஜ் என்றும் வழங்குவர். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பல்லாண்டுச் செடி, நெடுங்காலமாக இந்நாட்டில் பரவி நிற்கின்றது. இதன் மலையாளப் பெயர், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூலில் இடம்பெற்றது. லின்னேயஸ் 1753இல் அப்பெயரையே தாவரவியற் பெயரிலும் அமைத்தார்.

இச்செடியின் இலைகள் மிகச் சிறியவை, விரைவில் உதிர்ந்துவிடும். உணவு தயாரிக்கும் தொழிலைப் பென்சில் பருமனுள்ள பச்சைக் கொம்புகளே மேற்கொள்கின்றன. ஆதலின் நீரிழப்புக் குறைந்து, மழை குன்றிய நிலத்திலும் செடி தழைக்கின்றது. கொம்பை ஒடித்தால் வெண்ணிறப் பால் ஒழுகும். அப்பாலின் காரத்தன்மையால் கால்நடைகள் இதனை மேய்வதில்லை.

நடுவதற்கு ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மிகுதியான நீளமுள்ள கொம்புகளை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில நாட்கள் நிழலில் வைத்தல் வேண்டும். பின்னர், பருவமழையின் தொடக்கத்தில் சுமார் ஓரடி இடைவெளியில் நடலாம். நீர் தேங்கும் இடத்தில் அடிப்பகுதி அழுகிவிடும்.

கவனியாது விட்டால் இது இருபது அடி உயரத்திற்கும் மேல் மரமாக வளர்ந்து, அருகிலுள்ள பயிரை நிழலால் மறைக்கும். ஆகையால் ஆண்டுதோறும் கத்தரித்தல் அவசியம். ஈர மண்ணில் விழும் துண்டுகள் வேர்விட்டு முளைக்கக்கூடும். எனவே அவற்றை ஒன்றுவிடாமல் திரட்டி அகற்ற வேண்டும். இதன் பால் மீன்களுக்கு நஞ்சாகும். வெட்டிய கொம்புகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிதல் கூடாது.

மற்றொரு செய்தி பெரிதும் கருதத்தக்கது. சப்பாத்திக்கள்ளியைக் கண்டு அஞ்சும் சிறுவர், முள்ளில்லாத இதனை அஞ்சாது ஒடித்து விளையாடுவர். இதன் பால் தோலில் எரிச்சலையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். கண்ணில் பட்டால் கருவிழி புண்பட்டுக் கடும் வலியும் வீக்கமும் தோன்றும். சிலருக்குப் பார்வை தற்காலிகமாக மங்குவதுமுண்டு. பால் பட்ட உடனே அதன் முழு விளைவும் தெரிவதில்லை. சில மணி நேரத்தில் துன்பம் மிகலாம். ஆகவே எரிச்சல் சிறிதாயிருப்பினும் கண்ணைக் கசக்காமல், தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாட்டு மருந்து எதனையும் கண்ணிலிடலாகாது.

வேலியைக் கத்தரிப்போர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றில்லாத நேரத்தில் பணிபுரிவது நன்று. வேலை முடிந்ததும் கைகளையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

புறம்போக்கு ஓரங்களுக்கும் ஒதுக்குப்புற வயல்களுக்கும் திருகுகள்ளி ஏற்றது. பள்ளித் தோட்டத்திற்கும் விளையாட்டிடத்திற்கும் இது உகந்ததன்று. அங்கே மருதோன்றியை வேலியாக வளர்க்கலாம். பள்ளிக்கருகில் திருகுகள்ளி முன்னரே இருப்பின், ஆசிரியர்கள் ஒரு கொம்பினைத் தாமே பாதுகாப்பாக வெட்டி, அதில் ஊறும் பாலைத் தொலைவிலிருந்து மாணவர்க்குக் காட்டி, அதன் இயல்பை விளக்குதல் நலம்.