மாறாமையின் விலை: பழைய வின்செஸ்டர் ரைஃபிள்களை மதிப்பிடும் முறை

குழலின் உட்சுவரில் திருகுசுருளாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்களின் உதவியால் குண்டைச் சுழலவைத்துக் குறி தவறாமல் செலுத்தும் நீண்ட துப்பாக்கி ரைஃபிள் எனப்படுகிறது. வேட்டைக்கோ காவலுக்கோ வாங்கப்படும் ரைஃபிளின் விலை அதன் பயனைப் பொறுத்தது. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு இன்று சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படும் ரைஃபிளின் விலைக்கும் அதன் சுடும் திறனுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதிரியாகச் செய்யப்பட்ட இரண்டு துப்பாக்கிகளுள் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலைக்குப் போவது இச்சந்தையில் வழக்கமான நிகழ்ச்சி. அந்த வேறுபாட்டின் காரணங்களைப் பிரித்தறிவதே மதிப்பீட்டாளரின் வேலை. அவற்றை ஆழ்ந்து நோக்கினால், சேகரிப்பாளர் பொருளுக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை என்பதும், அப்பொருள் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகு யாராலும் மாற்றப்படவில்லை என்பதற்கான சான்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார் என்பதும் விளங்கும்.

இம்முறையை விளக்குவதற்கு அமெரிக்காவின் வின்செஸ்டர் ரைஃபிள்கள் மிகவும் ஏற்றவை. அவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டன; அவற்றின் தொழிற்சாலை ஏடுகளில் ஒரு பகுதி அழியாமல் எஞ்சியுள்ளது; அவற்றை வாங்கவும் விற்கவும் பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற ஒரு சந்தையும் உண்டு.

மாதிரியும் எண்ணிக்கையும்

மதிப்பீட்டின் முதற்படி, கையில் இருப்பது எந்த மாதிரி என்பதைத் துல்லியமாக அறிவது. விசைக்குக் கீழே வளையம்போல் அமைந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து, குழலுக்கு அடியிலுள்ள குழாயிலிருந்து புதிய தோட்டா குழலுக்குள் ஏறும் வகையில் அமைந்த லீவர் ரைஃபிள்களின் வரிசை, 1860-இல் வந்த ஹென்றி ரைஃபிளில் தொடங்குகிறது. ஏறத்தாழ 14,000 மட்டுமே செய்யப்பட்ட அந்த ஹென்றியைத் தொடர்ந்து, மஞ்சள் நிற வெண்கலச் சட்டகத்தால் ‘யெல்லோ பாய்’ எனப் பெயர்பெற்ற 1866 மாதிரியும், இரும்புச் சட்டகமும் நடுவெடி கொண்ட வலிமையான தோட்டாவும் பெற்ற 1873 மாதிரியும், பின்னர் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1886, 1892, 1894 மாதிரிகளும் வந்தன. இவற்றுள் 1873 மாதிரியே 7,20,000-க்கு மேல் செய்யப்பட்டது. 1894 மாதிரியின் எண்ணிக்கை பல பத்து இலட்சங்களைத் தாண்டியது. எனவே பழமை மட்டும் ஒரு துப்பாக்கியை அரிதாக்குவதில்லை. 1880-களைச் சேர்ந்த சாதாரணமான 1873 ரைஃபிள் இன்றும் சந்தையில் எளிதில் கிடைக்கிறது.

அருமை என்பது மாதிரிக்குள்ளே இருக்கும் சிறு வேறுபாடுகளில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. ஒரே மாதிரி மூன்று வடிவங்களில் விற்கப்பட்டது: நீண்ட குழல் கொண்ட ரைஃபிள், குதிரைவீரருக்கான குட்டையான கார்பைன், குழலின் பெரும்பகுதியை மரம் போர்த்திய படைத்துறை வடிவமான மஸ்கட். வாங்குபவர் கூடுதல் பணம் கட்டி எண்முகக் குழல், பாதி எண்முகமும் பாதி உருளையுமான குழல், வழக்கத்தைவிட நீளமான குழல், முன்கூட்டியே ஆயத்தப்படுத்தியபின் மிக இலேசான தொடுகைக்கே இயங்கும் ‘செட்’ விசை, உயர்தர வால்நட் மரக் கட்டை, உல்ரிச் குடும்பத்துக் கலைஞர்களின் செதுக்கு வேலை ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். இத்தகைய தனிக்கோரிக்கை அம்சங்கள் ஒவ்வொன்றும் விலையைக் கூட்டுகின்றன. ஒரே துப்பாக்கியில் பல சேர்ந்து வந்தால் அந்தச் சேர்க்கையே அரிதாகி, விலை தனித்தனி அம்சங்களின் கூட்டுத்தொகையையும் கடந்துவிடும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஆயிரத்தில் ஒன்று’ எனப் பொறிக்கப்பட்ட 1873 ரைஃபிள்கள். சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றுக்கு ‘செட்’ விசையும் கூடுதல் மெருகும் தந்து, 100 டாலருக்கு விற்பதாக நிறுவனம் 1875-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் அறிவித்தது. சாதாரண ரைஃபிளே ஏறத்தாழ 50 டாலராக இருந்த காலத்தில் இது பெருந்தொகை. அதனால் அவ்வகையில் 130-க்குச் சற்று மேற்பட்டவையே செய்யப்பட்டன. அடுத்த தரமான ‘நூற்றில் ஒன்று’ எட்டு மட்டுமே. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ திரைப்படம் 1950-இல் வெளிவந்தபோது, விளம்பரத்துக்காகப் படநிறுவனம் இவ்வகைத் துப்பாக்கிகளைத் தேடும் இயக்கத்தை நடத்தியது. அதுவரை அறியப்படாத பல துப்பாக்கிகள் அதன் வழியாக வெளிச்சத்துக்கு வந்ததோடு, அவற்றின்மீது சேகரிப்பாளரின் நாட்டமும் பெருகியது.

நிலை: எஞ்சியிருக்கும் மேற்பூச்சின் அளவு

மாதிரி தெளிந்தபின் வருவது நிலை, அதாவது பொருள் எந்த அளவுக்குக் கெடாமல் இருக்கிறது என்னும் கணிப்பு. அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தரவரிசை இதற்குப் பொதுவான அளவுகோலாக விளங்குகிறது. தொன்மைத் துப்பாக்கிகளுக்கான அவ்வரிசையில், எல்லா உறுப்புகளும் அசலாகவும், மேற்பூச்சில் 80 சதவீதத்துக்கு மேல் எஞ்சியும், எழுத்துகள் கூர்மையாகவும் இருந்தால் ‘மிகச் சிறப்பு’. 30 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால் ‘சிறப்பு’. மேற்பூச்சு அறவே போயிருந்தாலும் உறுப்புகள் அசலாகவும் உலோக விளிம்புகள் மழுங்காமலும் இருந்தால் ‘மிக நன்று’. அதற்கும் கீழே உள்ள ‘நன்று’ என்னும் படியில்தான் மாற்று உறுப்புகளும் மறுபூச்சும் முதன்முதலாக அனுமதிக்கப்படுகின்றன. பூச்சே இல்லாத அசல் துப்பாக்கி, பளபளக்கும் மறுபூச்சுத் துப்பாக்கியைவிட உயர்ந்த படியில் வைக்கப்பட்டிருப்பது இச்சந்தையின் அடிப்படைக் கோட்பாட்டைக் காட்டிவிடுகிறது.

மேற்பூச்சு என்பது இங்கே சாயமன்று. மெருகேற்றிய எஃகைக் கட்டுப்பாடான வெப்பத்திலும் வேதிப்பொருள்களிலும் பதப்படுத்தி, அதன் மேற்பரப்பிலேயே கருநீலமான மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்குவது நீலமேற்றல். தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியைத் தட்டும் குதிரை, லீவர் போன்ற உறுப்புகளை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய மூடிய பெட்டியில் வைத்துச் சூடாக்கி நீரில் அமிழ்த்தினால், மேற்பரப்பு கடினமாவதோடு நீலம், பழுப்பு, வைக்கோல் நிறம் ஆகியவை கலந்து மேகம்போலப் படர்கின்றன. இரண்டு படலங்களும் மிக மெல்லியவை. கைவியர்வையும் உராய்வும் நீலத்தைத் தேய்க்க, வெயில் கரிநிறங்களை வெளுக்கச் செய்கிறது. எனவே கை படாத, ஒளி எட்டாத இடுக்குகளில் மட்டும் பழைய நிறம் பிழைத்திருப்பது இயல்பு; வெளிப்பரப்பில் நிறம் மின்ன, இடுக்கில் அது இல்லாமற் போனால் மதிப்பீட்டாளரின் ஐயம் அங்கே தொடங்குகிறது.

நிலைக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோட்டில் அமைவதன்று. பத்து சதவீத மேற்பூச்சு இருபதாக உயர்வதால் விலை சிறிதளவே கூடும்; எண்பது சதவீதம் தொண்ணூறாக உயரும்போது அது செங்குத்தாக ஏறும். உழைப்புக்காக வாங்கப்பட்டு, குதிரைச் சேணத்தில் உரசியும் மழையில் நனைந்தும் தேய்ந்த கருவிகளுள், பயன்படுத்தப்படாமலே தப்பியவை மிகச் சில என்பதே இதற்குக் காரணம். கருமருந்துத் தோட்டாவின் எச்சம் ஈரத்தை உறிஞ்சிக் குழலின் உட்புறத்தை அரிப்பது பொதுவாகையால், சேகரிப்புத் துப்பாக்கிகளின் நடுத்தரப் படிகளில் குழலின் உள்நிலை பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

அசலும் திருத்தமும்

பழைய குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது வீட்டுக்கு அழகாக இருக்கலாம். பழைய துப்பாக்கியை அவ்வாறு துலக்குவது அதன் சந்தை மதிப்பில் பெரும்பகுதியை ஒரே மாலையில் அழித்துவிடும். துலக்கப்பட்டதையும் மறுபூச்சு பெற்றதையும் கண்டறிய மதிப்பீட்டாளர் உருப்பெருக்கியோடு சில குறிப்பிட்ட இடங்களை நோக்குகிறார். மறுபூச்சுக்கு முன் உலோகத்தை மெருகிடும்போது எண்முகக் குழலின் விளிம்புகள் மழுங்குகின்றன. முத்திரை எழுத்துகள் ஆழம் குறைந்து ஓரம் கலங்குகின்றன. திருகுகளைச் சுற்றியுள்ள பரப்பு சிறு கிண்ணம்போல் குழிகிறது. துருப்பிடித்த குழிகளுக்குள்ளும் நீலம் படர்ந்திருந்தால், துருவுக்குப் பின்னரே பூச்சு வந்தது என்பது உறுதி. திருகுத் தலையின் வெட்டு ஓரங்கள் பிய்ந்திருந்தால், பொருந்தாத கருவியோடு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்.

மரமும் இதே அளவுக்குப் பேசுகிறது. தொழிற்சாலையில் கட்டையைப் பொருத்தும்போது மரத்தின் ஓரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்திருக்குமாறு விடுவது வழக்கம். பிற்காலத்தில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தவர் கையில் அந்த உயரம் குறைந்து, மரம் உலோக விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும். விரல்நுனியால் தடவினாலே இது தெரியும். உயர்தரத் துப்பாக்கிகளில் சட்டகத்தின் பின்னீட்சி, அதன்கீழ் மறையும் மரப்பகுதி, கட்டையின் அடித்தகடு ஆகிய மூன்றிலும் ஒரே பொருத்து எண் பொறிக்கப்பட்டிருப்பதால், அவை ஒத்திருந்தால் அழகிய கட்டை பிறகு வந்து சேர்ந்ததன்று என்பது தெளிவாகும்.

தேய்மானம் தன்னளவில் குறையாகாது. அது தனக்குள் ஒத்திசைய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. கார்பைனின் இடப்பக்கத்தில் தொங்கும் சேணவளையம், ஆடும்தோறும் சட்டகத்தைக் கீறி வில்வடிவத் தடத்தை உண்டாக்குகிறது. வளையம் இருந்து தடம் இல்லையென்றாலும், தடம் இருந்து வளையம் இல்லையென்றாலும், மரம் நைந்து உலோகம் மட்டும் புதிதாக இருந்தாலும், அந்தத் துப்பாக்கி தன் வரலாற்றை ஏதோ ஓரிடத்தில் மறைக்கிறது.

ஏடுகளும் உரிமை வரலாறும்

கண் கண்டதை ஏடு உறுதி செய்கிறது. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் கையெழுத்து ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன. வரிசை எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், அத்துப்பாக்கி எந்த வடிவில், என்ன குழலோடு, எவ்வகை விசையோடு, எந்த நாளில் கிடங்கை விட்டுச் சென்றது என்பதைக் குறிக்கும் சான்றுமடலைப் பெறலாம். சாதாரணக் குழலோடு வெளியேறியதாக ஏடு சொல்லும் துப்பாக்கியில் இன்று ‘ஆயிரத்தில் ஒன்று’ என்னும் பொறிப்பு இருந்தால், அப்பொறிப்பு போலி. இருப்பினும் ஏடுகள் முழுமையானவை அல்ல: 1866 மாதிரியின் முதல் 1,20,000-க்கு மேற்பட்ட எண்களுக்கும், 1894 மாதிரியில் 3,54,000 முதலான எண்களுக்கும் பதிவுகள் கிடைப்பதில்லை. ஆகவே ஏட்டெல்லைக்குள் அடங்கும் துப்பாக்கிக்கு, அடங்காததைவிட நம்பகம் கூடுகிறது.

ஏடு எதைச் சொல்லாது என்பதற்கு 2014-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஜூனிப்பர் மரத்தின்மீது சாய்த்த நிலையில், கட்டை நரைத்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்த 1873 ரைஃபிள் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது 1882-இல் செய்யப்பட்டு அனுப்பப்பட்டதைக் கோடி அருங்காட்சியக ஏடுகள் காட்டின. யார் வாங்கினார், எங்கே அனுப்பப்பட்டது என்பவை அவற்றில் இல்லை. வல்லுநர்கள் அதைப் புதுப்பிக்காமல், மரம் மேலும் உதிராதவாறு நிலைப்படுத்துவதோடு நிறுத்திக்கொண்டது, மாறாமையே மதிப்பு என்னும் கோட்பாட்டை அருங்காட்சியகத் துறையும் ஏற்பதைக் காட்டுகிறது.

உரிமையாளர் யார் என்பது ஆவணங்களால் நிலைநாட்டப்படும்போது, விலை வேறொரு தளத்துக்குச் செல்கிறது. அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவைப் பின்தொடர்ந்த படைப்பிரிவை நடத்திய கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட, வரிசை எண் 1 கொண்ட 1886 மாதிரி, 2016-இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 12,65,000 டாலருக்குப் போனது. முதல் எண், அரிய நிலை, ஐயமற்ற உரிமைத் தொடர் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே கூடியிருந்தன. ஆவணம் இல்லாமல் குடும்பத்தில் வழங்கிவரும் கதைக்கு அனுபவமுள்ள வணிகர் எதுவும் கூட்டுவதில்லை. துப்பாக்கிக்கு விலை கொடு, கதைக்குக் கொடாதே என்பது அவர்களிடையே பரவலான அறிவுரை.

சட்டம், சந்தை, விலை

சட்டமும் விலையைத் தொடுகிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் தொன்மைப் பொருளாக வரையறுத்து, கூட்டாட்சி விதிகள் பலவற்றிலிருந்து விலக்குகிறது. அதனால் 1894 மாதிரியில் அந்த எல்லைக்கு முந்தைய துப்பாக்கி, மற்ற வகையில் எந்த வேறுபாடும் இல்லாத பிந்தைய துப்பாக்கியைவிடக் கூடுதல் விலை பெறுகிறது.

இத்தனையும் ஆராய்ந்தபின் தொகையைக் குறிக்க, மேற்பூச்சுச் சதவீதத்தின்படி விலைகளை வரிசைப்படுத்தும் ‘ப்ளூ புக்’ போன்ற கையேடுகள் தொடக்கப்புள்ளியாக உதவுகின்றன. முடிவான சான்று, ஒத்த மாதிரியும் ஒத்த நிலையும் உடைய துப்பாக்கிகள் அண்மையில் உண்மையாக விற்ற விலையே. விற்பவர் கேட்கும் விலை வெறும் விருப்பம். ஏல நிறுவனம் அறிவிக்கும் விலையிலோ வாங்குபவர் செலுத்தும் தரகு பெரும்பாலும் சேர்ந்திருப்பதால், விற்றவர் கைக்கு வருவது அதனினும் குறைவு. பிடிவாதமான இருவர் மோதிய ஒற்றை ஏலத்தைச் சந்தை விலையாகக் கொள்வதும் தவறு.

மதிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கு எதிர்மறையான சோதனை ஒன்றை வின்செஸ்டர் நிறுவனமே நடத்தியிருக்கிறது. தன் நூற்றாண்டை ஒட்டி 1966-இல் அது வெளியிட்ட தங்கநிறச் சட்டகம் கொண்ட நினைவுப்பதிப்பு ரைஃபிள், ஒரு இலட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களுள் பலர் அதைச் சுடாமல், அட்டைப்பெட்டியோடு பத்திரப்படுத்தினர். விளைவாக, கெடாத நிலையில் உள்ளவை இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் விலை பழைய 1866 மாதிரியின் அருகில்கூட வருவதில்லை. சேகரிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் தப்பிப் பிழைப்பதில் அருமை எதுவும் இல்லை. உழைத்துத் தேயவென்று செய்யப்பட்டது தேயாமல் தப்புவதையே சந்தை விலைகொடுத்து மதிக்கிறது.