பெயர் ஏலத்தில் யாருக்குப் பங்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் காய்ச்சியதற்கு அந்தப் பெயரை ஒட்டி விற்றால் சட்டம் கேட்கும். ஆனால் அதே ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் ஒரு டாட் காம் சேர்த்தால் வரும் இணைய முகவரிக்கு அந்தக் காவல் தானாக வந்துவிடாது. ஆண்டுக் கட்டணம் கட்டுகிறவருக்குத்தான் பெயர். கட்டாமல் விட்டால் அது ஏலத்துக்குப் போகலாம். அந்த ஏலக் காசு யார் யார் கைக்குப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு தம்பியிடம் வெப்சைட் போடச் சொல்கிறார். “நீங்க ஓடிபி மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, மத்ததை நான் பாத்துக்கிடுறேன்” என்று தம்பி தன் மெயில் முகவரியைக் கொடுத்தே டொமைனைப் பதிவு செய்கிறார். சிவகாசியில் சொல்லிப் பெட்டி அடித்தாயிற்று. கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என எல்லா அளவிலும் மூடியின் ஓரத்தில் அந்த முகவரி. ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் பெட்டி விலை கட்டும் என்பதால் பரணில் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கிறது. தம்பி இதற்குள் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சங்கிலி உண்டு. டாட் காம் பெயர்கள் எல்லாவற்றுக்குமான மூலப் பதிவேடு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 10.26 டாலர் அது வாங்குகிறது. அதற்குக் கீழே நமக்குப் பெயர் விற்கும் பதிவு நிறுவனங்கள், அவற்றுக்குக் கீழே ரீசெல்லர்கள். நம் தம்பி ஒரு ரீசெல்லர் கணக்கு வைத்திருந்தால் அவரும் சங்கிலியில் ஒரு கண்ணி. டாட் இன் பெயர்களின் பதிவேடு மட்டும் நம் நாட்டில், 2003-இல் தொடங்கிய நிக்ஸி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

கெடு முடிந்த அன்றே பெயர் பறிபோய்விடாது. சர்வதேசப் பெயர் நிர்வாக அமைப்பான ஐகேன் விதிப்படி, கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொன்றும். மூன்றும் போவது பதிவில் உள்ள மெயிலுக்கு, அதாவது பெங்களூருவுக்கு.

இனி நடப்பதுதான் நுணுக்கம். கெடு முடிந்ததும் வெரிசைன் தானாகவே ஓராண்டு நீட்டித்து, பதிவு நிறுவனத்தின் கணக்கில் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். 45 நாளுக்குள் பெயரை அழித்தால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். ஆகவே பதிவு நிறுவனத்துக்கு நஷ்டமில்லாத 45 நாள் கிடைக்கிறது. மூன்று நான்கு வாரத்திலேயே பல நிறுவனங்கள் பெயரை ஏலத்தில் ஏற்றிவிடுகின்றன. யாராவது கேட்டால் விற்கலாம், கேட்காவிட்டால் அழித்துவிடலாம். விற்ற பெயர் அழியாமல் அப்படியே கைமாறுவதால், முதலில் பதிவான தேதிகூட மாறாது. பழைய பெயருக்கு மதிப்பு கூடுவதில் இதற்கும் ஒரு இடம் உண்டு.

விலை கேட்பவர்கள் அப்படி எதை வாங்குகிறார்கள்? அந்த முகவரிக்கு மற்றத் தளங்கள் கொடுத்த இணைப்புகளை, பழக்கத்தில் அதைத் தட்டி வரும் வாடிக்கையாளர்களை, பெட்டி மூடியில் அச்சான எழுத்தை. இவை எல்லாமே கடைக்காரர் சம்பாதித்தவை. இதை வைத்துச் சூதாட்டத் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. அந்த முகவரியில் கடைக்கு மெயில் இருந்தால் இனி அதுவும் புது ஆளுக்கே போகும். பாஸ்வேர்டை மாற்றித் தரும் மெயில் உட்பட. செத்த தளத்தின் நல்ல பெயரை வைத்துத் தேடலில் முன்னேறப் பார்ப்பதை 2024 மார்ச்சில் கூகுள் முறைகேடு என்று அறிவித்த பிறகும் ஏலம் ஓயவில்லை.

பணம் பிரியும் விதத்தை ஏலச்சீட்டோடு வைத்துப் பார்த்தால் புரியும். சீட்டில் ஒருவர் தள்ளி எடுத்தால், சீட்டு பிடிப்பவரின் கமிஷன் போக மிச்சக் கழிவு தவணை கட்டிய எல்லாருக்கும் பிரியும். கமிஷனும் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெயர் ஏலத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். பதிவு நிறுவனத்துக்குப் பெரும்பகுதி, ஏலம் நடத்தும் தளத்துக்கு ஒரு பகுதி. சில நிறுவனங்கள் ரீசெல்லருக்கும் பங்கு தருகின்றன. இத்தனை ஆண்டு கட்டணம் கட்டியவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது ரீசெல்லரின் பங்குதான். நினைவூட்ட வேண்டிய ஆளுக்கே, மறந்துபோனால் காசு. எல்லாரும் வேண்டுமென்று மறப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்பாடு அப்படி அமைந்திருக்கிறது.

ஏலத்தில் போகாத பெயர் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போகும். பழைய உரிமையாளர் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்டினால் மீட்கலாம். அதுவும் நடக்காவிட்டால் ஐந்து நாள் கழித்து அழிப்பு. இந்திய நேரத்தில் அது ஏறக்குறைய நள்ளிரவு. அந்த நொடிக்காகவே நிரல்கள் காத்திருக்கும். பதிவேட்டுடன் இணைய ஒவ்வொரு பதிவு நிறுவனத்துக்கும் சம வாய்ப்பு என்பதால், டிராப்கேட்ச் என்ற நிறுவனம் பெயருக்குப் பின்னால் எண் மட்டும் மாறும் நூற்றுக்கணக்கான பதிவு நிறுவனங்களைத் தொடங்கிவைத்தது. ஐகேனுக்கு ஆண்டுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 4,000 டாலர்.

பெரிய நிறுவனங்களும் மறந்ததுண்டு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் தவறியதால் பலரால் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற அமெரிக்க நிரலாளர் தன் கார்டில் 35 டாலர் கட்டிவிட்டார். பிறகு மைக்ரோசாஃப்ட் அவருக்கு 500 டாலர் காசோலை அனுப்பியது. எல்லாருக்கும் சேனி கிடைப்பதில்லை.

போன டாட் காம் பெயருக்காக உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் முறையிடலாம். ஒரே நடுவர் விசாரித்தாலும் கட்டணம் 1,500 டாலர். வணிகமுத்திரை உரிமையைக் காட்ட வேண்டும். புவிசார் குறியீடு மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. எதிராளி கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்றும் நிறுவ வேண்டும். அதைவிட, தம்பிக்கு இன்றே ஒரு போன் போடலாம். டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறது என்று கேட்டு, கடையின் பெயரில் தனிக் கணக்கு திறந்து அதற்கு மாற்றச் சொல்லலாம். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் ஒரு ரகசியக் குறியீடு தேவைப்படும். அதையும் அவரிடமே வாங்க வேண்டும். கையோடு சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். டாட் காமில் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டு வரை வாங்கிக்கொள்வார்கள்.