சேர்லிஃப்ட்டுக்குப் பயந்தவருக்கும் பனிமலை உண்டு

பனிச்சறுக்கு பழகப் போகும் குடும்பங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுவாக மூன்று விஷயங்களை விசாரிக்கும்: பனி போதிய அளவு இருக்குமா, சறுக்குச் சரிவுகள் எத்தனை கிலோமீட்டர், தங்க என்ன செலவாகும். போகிறவர்களில் ஒருவருக்குச் சேர்லிஃப்ட், அதாவது வடத்தில் தொங்கியபடி மலையேறும் நாற்காலி, என்றாலே அடிவயிறு கலங்கும் என்றால், இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த ஊரில் மலைமேல் எதில் ஏறுகிறார்கள்? பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை. பயப்படுபவரும் கூச்சத்தில் வாய் திறப்பதில்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான், பழகத் தோதான சரிவுகள் அத்தனைக்கும் சேர்லிஃப்ட் ஒன்றே வழி என்று தெரியவரும். மற்றவர்கள் மேலே போவார்கள். அவர் அறையிலேயே தங்கிவிடுவார். இதை அவருடைய மனத்திடத்தின் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை. ஊரைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு. சேர்லிஃப்ட்டில் கால் வைக்காமலே பல நாள் சறுக்கக்கூடிய ஊர்கள் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

இந்த விளையாட்டுக்குச் சேர்லிஃப்ட் தவிர்க்க முடியாதது என்ற எண்ணமே தவறு. முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924இல் பிரான்ஸின் ஷமோனியில் நடந்தபோது, பனிச்சறுக்குக்கான சேர்லிஃப்ட் என்று உலகில் எதுவும் கிடையாது. ஆல்ப்ஸ் மலைவாசிகளும் பயணிகளும் நடந்து ஏறினார்கள், அல்லது கோடைச் சுற்றுலாவுக்காகப் போட்டிருந்த மலை ரயில்களில் ஏறிப் போய்ச் சறுக்கி வந்தார்கள். சேர்லிஃப்ட் பிறந்தது 1936இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அங்கே சன் வேலி என்ற தலத்தை உருவாக்கியபோது, அதன் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிவடத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். ரயில் பாதை போடுவதைவிடச் செலவு குறைவு. எந்தச் சரிவிலும் நேராக மேலே போகலாம். காலில் மாட்டிய பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. இந்த மூன்று வசதிகளால் அது உலகெங்கும் பரவியது. ஏறுகிறவரின் மன நிம்மதி அந்தக் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை.

பயம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனிப் பயங்கள் இருக்கின்றன. முதலாவது, ஏறி இறங்கும் தருணம். கேட் திறந்ததும் காலில் பலகைகளோடு நகர்ந்து போய், குறித்த கோட்டில் நிற்க வேண்டும். கோல்கள் இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். சில விநாடிகளில் இருக்கை வந்து முழங்காலின் பின்புறத்தைத் தொடும். உடனே உட்கார்ந்தாக வேண்டும். தரை விலகியதும் தலைக்கு மேலுள்ள தடுப்புக் கம்பியை இழுத்து மடிக்கு முன்னால் இறக்க வேண்டும். மேல்நிலையம் நெருங்கும்போது கம்பியைத் தூக்கி, பலகைகளின் நுனியை நிமிர்த்தி, அவை பனியைத் தொட்டதும் எழுந்து சறுக்கி விலக வேண்டும். பலகையில் நிற்கவே இன்னும் பழகாதவருக்கு இது பெரிய சோதனை. இரண்டாவது, காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திறந்த வெளியில் தொங்குவது. யாரோ கீழே தடுமாறியதால் லிஃப்ட் நடுவழியில் நின்று, இருக்கை மெல்ல ஊசலாடும்போது இந்தப் பயம் உச்சத்துக்குப் போகும். மூன்றாவது, மேலே போன பிறகு மனம் மாறினால் திரும்ப வழியில்லை என்ற பயம். பல சேர்லிஃப்ட்கள் பயணிகளைக் கீழே ஏற்றி வருவதில்லை. சறுக்கித்தான் இறங்க வேண்டும்.

இவற்றில் எது தன்னுடைய பயம் என்று தெரிந்துகொள்வதுதான் தேர்வின் முதல் படி, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஏறி இறங்குவது மட்டுமே பயம் என்றால், சேர்லிஃப்ட்டிலேயே வகை பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பழைய வகையில் இருக்கைகள் வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கும்; விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடும் வடம், நிலையத்திலும் அதே வேகத்தில்தான் வந்து நம்மை அள்ளிக்கொண்டு போகும். புதிய வகையில் இருக்கை நிலையத்துக்குள் நுழைந்ததும் வடத்திலிருந்து கழன்று, நடைவேகத்துக்குக் குறைந்துவிடும். ஆட்கள் உட்கார்ந்த பிறகு மறுபடியும் வடத்தைக் கவ்விக்கொண்டு விநாடிக்கு ஐந்து மீட்டர் வரை போகும். மலையில் பார்க்கும்போது வேகமாகத் தெரிகிற லிஃப்ட்தான் ஏறுவதற்குச் சுலபமானது. உயரமும் திறந்த வெளியும்தான் பயம் என்றால் இந்த வித்தியாசம் உதவாது. மூடிய கோண்டோலா கூண்டு, அல்லது தரையோடு போகும் ரயில் வேண்டும். திரும்ப வழியில்லை என்பதுதான் பயம் என்றால், எதில் ஏறினோமோ அதிலேயே இறங்கவும் முடிகிற ஊர் வேண்டும்.

தொடக்கநிலையினருக்குத்தான் மேஜிக் கார்பெட் என்ற நகரும் பட்டை எல்லா ஊரிலும் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பட்டையில் நின்றாலே போதும், மெதுவாக மேலே கொண்டுபோய்விடும். முதல் இரண்டு நாளைக்கு அதைவிட நல்ல வாகனம் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. உடம்பு சமநிலையைக் கற்றுக்கொண்டு, திரும்பவும் நிறுத்தவும் வந்துவிட்டால், நூறு மீட்டர் நீளமுள்ள பயிற்சித் திடல் போதாமல் போகும். அடுத்த கட்டம் நீளமான, சாய்வு குறைந்த, வரைபடத்தில் நீலக் கோடாகக் காட்டப்படும் நீலச் சரிவு. பல ஊர்களில் அந்த நீலச் சரிவுக்குச் சேர்லிஃப்ட் மட்டுமே உண்டு. ஆர்வம் பிறக்கிற நேரத்தில் கதவு அடைபடுகிறது. ஆகவே ஊரைப் பார்க்கும்போது பயிற்சித் திடலோடு நின்றுவிடக் கூடாது. மூன்றாம் நாள் ஏறப்போகும் சரிவுக்கு என்ன வாகனம் என்று பார்க்க வேண்டும். டி-பார் என்ற இழுவை லிஃப்ட் இருக்கிறதே என்றால், அதில் விழுந்தாலும் பனித்தரையில்தான் விழுவோம் என்ற ஆறுதல் உண்மை. 1934இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் அமைத்த லிஃப்ட்டிலிருந்து அந்த வகை பரவியது. ஆனால் தொடைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் கம்பு இழுக்க இழுக்க நின்றபடியே போக வேண்டும். புதியவருக்குக் கால் சோர்ந்துவிடும். குட்டையான இழுவைகள் சரி. நீளமானவற்றை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லதல்ல.

இந்த அளவுகோல்கள் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் ஊருக்கு நல்ல உதாரணம் சுவிட்சர்லாந்தின் வெங்கன். ஐகர், யுங்ஃப்ராவ் சிகரங்களின் அடிவாரத்தில் 1,274 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் கிராமத்துக்குச் சாலை வழியாகக் கார் போகாது. லாவுடர்புருனனிலிருந்து ரயிலில்தான் போக வேண்டும். 1893இல் திறக்கப்பட்ட அதே வெங்கர்னால்ப் பல்சக்கர ரயில், கிராமத்திலிருந்து 2,061 மீட்டர் உயரத்திலுள்ள கிளைன ஷைடெக் நிலையத்துக்கு ஏறி, மறுபக்கம் கிரிண்டெல்வால்டுக்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் இந்த ரயில்தான் சறுக்குபவர்களின் லிஃப்ட். பலகையைக் கழற்றி ஏற்றிவிட்டு, பெட்டிக்குள் உட்கார்ந்து மேலே போகலாம். கிளைன ஷைடெக்கிலிருந்து இரண்டு கிராமங்களை நோக்கியும் எளிய சரிவுகள் இறங்குகின்றன. வழியில் ஒரு பக்கம் வெங்கர்னால்ப், அல்மெண்ட் நிலையங்கள்; மறுபக்கம் அல்பிக்லன், பிராண்டெக். கால் வலித்தாலும் மனம் தளர்ந்தாலும் அங்கே போய் அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம். கிராமத்துக்குள்ளேயே பயிற்சித் திடலும் இருக்கிறது. இந்த மலைப்பகுதியிலும் சேர்லிஃப்ட்கள் ஏராளம். அவை மட்டும் போகும் சரிவுகளும் உண்டு. அவற்றை விட்டுவிட்டாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் வேண்டிய இடம் மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம்.

ஸெர்மாட்டும் இதே வகை. அங்கே கோர்னர்கிராட் ரயில் 1898 முதல் 3,089 மீட்டர் உயரம்வரை போகிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த பல்தண்டவாள முறையில் அது ஏறுகிறது. அதற்கு அடுத்த ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய நீலகிரி ரயிலும் அதே முறையில்தான் ஏறுகிறது. ஊருக்குள்ளிருந்து சுன்னெகாவுக்கு மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஃபியூனிகுலர் ரயில் 1980 முதல் ஓடுகிறது. வடம் கட்டிச் சாய்ந்த தண்டவாளத்தில் இழுக்கும் இந்த வண்டி, பழனி மலையில் பக்தர்கள் ஏறும் வின்ச்சின் இனம்தான். சுன்னெகாவில் இறங்கினால் பக்கத்திலேயே நகரும் பட்டைகளோடு தொடக்கநிலைத் திடல். மாலையில் அதே வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடலாம். இந்தியாவுக்குள் பார்த்தால் காஷ்மீரின் குல்மார்கில் பயிற்சிக்கான புல்வெளிச் சரிவுகளும், மலைமேல் ஏறக் கோண்டோலாவும் உண்டு. ஆனால் அதன் இரண்டாம் கட்டம் கொண்டுவிடும் அஃபர்வட் பகுதி 3,900 மீட்டருக்கு மேல், செப்பனிடாத செங்குத்துச் சரிவும் பனிச்சரிவு அபாயமும் உள்ள இடம், தேர்ந்தவர்களுக்கே உரியது. கூண்டு மூடியிருக்கிறது என்பதால் இறங்கும் சரிவு எளிதாக இருக்கும் என்று அர்த்தமில்லை. வாகனத்தையும் அது கொண்டுவிடும் சரிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்படி ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. சேர்லிஃப்ட் உண்மையில் பாதுகாப்பானது, மூடிய வாகனங்களில்தான் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது ஒன்று. 2000 நவம்பரில் ஆஸ்திரியாவின் காப்ரூனில் சுரங்கத்துக்குள் ஃபியூனிகுலர் ரயில் தீப்பற்றி 155 பேர் இறந்தார்கள். 2017 ஜூனில் குல்மார்கில் மரம் விழுந்து கோண்டோலா கூண்டு கீழே விழுந்ததில் 7 பேர் இறந்தார்கள். 2021 மே மாதம் இத்தாலியின் மோட்டரோனேயில் வடம் அறுந்து 14 பேர் உயிரிழந்தார்கள். இவை மறுக்க முடியாத உண்மைகள். சேர்லிஃப்ட் ஆபத்தானது என்பதற்காக அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. பயந்து விறைத்த உடம்பால் நன்றாகச் சறுக்க முடியாது; ஏறும்போதே நடுங்கியவர் இறங்கும்போதும் தடுமாறுவார். ஏறும் வாகனத்தில் மனம் அமைதியாக இருந்தால்தான் சரிவில் கவனம் நிற்கும். புள்ளிவிவரம் சொல்லி ஒருவருடைய பயத்தை அந்தக் கணத்தில் போக்கிவிட முடியாது.

இன்னொரு மறுப்பு, ரயில் மெதுவானது, கூட்டமாக இருக்கும், ஒரு நாளில் குறைவான தடவைதான் சறுக்க முடியும் என்பது. நன்கு பழகியவருக்கு இது இழப்பு. கற்றுக்கொள்பவருக்கு ஒவ்வொரு இறக்கத்துக்கும் நடுவில் கால் ஆற வேண்டியிருப்பதால் அவ்வளவு இழப்பில்லை. மூன்றாவது மறுப்புதான் ஆழமானது: தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும், சந்தித்தால்தான் தீரும். உளவியல் சிகிச்சையும் இதை ஏற்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சையின் அடிப்படை விதி, சிறியதிலிருந்து பெரியதுக்கு, சம்மதத்தோடு, படிப்படியாகப் போவது. சேர்லிஃப்ட் ஒன்றே வழியாக உள்ள ஊரில் படிகளே கிடையாது. முதல் படியே உச்சிப் படி. ரயிலும் கூண்டும் உள்ள ஊரில் நான்காம் நாள், கூட்டம் குறைந்த நேரத்தில், நிலையத்தில் வேகம் குறையும் புதிய வகைச் சேர்லிஃப்ட்டாகப் பார்த்து, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மறுபடியும் ரயில். பயத்தை வெல்ல நினைப்பவருக்கும் இப்படிப்பட்ட ஊர்தான் ஏற்றது.

எனவே பணம் கட்டுவதற்கு முன் அந்த ஊரின் சரிவு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வரைபடங்களில் நீலக் கோடு எளிய சரிவு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் முன்னால் பச்சை உண்டு. ஒவ்வொரு நீலக் கோட்டின் உச்சியிலும் விரலை வைத்து, அங்கே வந்து சேரும் வாகனம் எது என்று குறியீட்டைப் பாருங்கள். ரயிலோ கோண்டோலாவோ வந்து சேரும் நீலக் கோடுகள் இரண்டு மூன்றாவது இருந்தால் அந்த ஊரை எடுக்கலாம். பிறகு சறுக்குப் பள்ளிக்கு எழுதி, தொடக்க வகுப்பை எந்த நாளில் எந்த லிஃப்ட்டுக்கு அழைத்துப் போவார்கள், பலகையைக் கழற்றிவிட்டு அதே வாகனத்தில் இறங்கலாமா, பலத்த காற்றடித்தால் எது ஓடும் எது நிற்கும் என்று கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியோடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்கள். பயப்படும் பிள்ளையின் பெற்றோர் ஆசிரியரிடமும் இதே கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். பயந்தவரைத் திருத்தித்தான் மலைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதில்லை. அவருக்கு ஏற்ற மலையைத் தேர்ந்தெடுங்கள்; மற்றதை அவர் தன் வேகத்தில் பார்த்துக்கொள்வார்.